அவரைக் குழம்பு வீடியோவின் வால்

போன வாரம் அல்ஃபியாவை எங்கே விட்டோம்? ஊட்டி காந்தல் வீட்டுச் சமையலறையில், ஒரு கையில் உரித்த அவரையும் இன்னொரு கையில் போனுமாக நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக அப்படியே நிற்கிறாள். வாருங்கள், முதலில் அவளை நகர்த்துவோம்.

இன்றுதான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. நூருல்லா பாய்க்கு ஊட்டி மார்க்கெட்டில் மசாலாக் கடை. மூத்தவன் ஜாகீரின் மனைவிதான் அல்ஃபியா. ஓவேலி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். இளையவன் தவ்பீக்கின் மனைவி நாஜ்னீன், மேட்டுப்பாளையத்துக்காரி. மாமியார் ஆரிஃபா. எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே.

அல்ஃபியாவுக்கு ஒரு ரகசியம் உண்டு. 'மிளகு டப்பா' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். அதில் அவள் முகம் கிடையாது. ஒரு தகர டப்பாவின் படம், பின்னால் குரல் மட்டும். வீட்டுக்குள் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் அந்தக் குரல் சொல்லும். மாமியார் வீட்டில் ஆறு வருஷமாக "ஏனுங்க, சரிங்க" என்று பேசிப் பழகியவள், மாடியில் துணி காயப்போடும் தகரக் கொட்டகைக்குப் போனால் மலையாளம் கலந்த தன் ஓவேலிப் பேச்சுக்கு மாறிவிடுவாள். ஒவ்வொரு பேச்சும் "கேட்டோ?" என்று முடியும். அதற்கென்றே ஆயிரக்கணக்கில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. இன்று காலை பத்தரை மணி வரைக்கும் தெரியாது.

பத்தரைக்கு என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. குன்னூர்ச் சித்தி போனில் கூப்பிட்டு, அன்றைக்கு ஆரிஃபா வைத்த அவரைக் குழம்பை எந்த வீடியோவில் பார்த்தீர்கள் என்று கேட்டாள். "அனுப்பு கண்ணு, அவ லைன்லயே நிக்கறா" என்று மாமியார் தலைமேல் நின்று அவசரப்படுத்தினாள். அல்ஃபியா ஈரக் கையோடு வீடியோவைத் தேடி, லிங்க்கை எடுத்து, குடும்ப குரூப்பில் போட்டாள். நாற்பத்தாறு பேர் இருக்கிற குரூப்.

இரண்டு நிமிஷத்தில் கோயம்புத்தூரில் படிக்கிற சித்தி மகளிடமிருந்து பதில் வந்தது.

"அண்ணி!!! லிங்க்கைத் திறந்தா 'மிளகு டப்பா உங்களுடன் பகிர்ந்துள்ளார்'னு மேல வருது! அது நீங்கதானா???"

யா அல்லா! அவசரமாக லிங்க்கை அழித்தாள். அழித்து என்ன பிரயோஜனம்? அதற்குள் முப்பத்தொரு பேர் பார்த்தாயிற்று.

"என்ன கண்ணு, பேயடிச்சாப்பல நிக்கற?" என்றாள் ஆரிஃபா. "குழம்பு அடிப்புடிக்குது பாரு."

"இதோ மாமி" என்று அடுப்பை அணைத்தவள், மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். வெளியே தூறல். கொட்டகைத் தகரத்தில் மழை படபடவென்று விழுந்துகொண்டிருந்தது. சுஜாதாவைக் கூப்பிட்டாள்.

சுஜாதா இவளுடைய ஒரே கூட்டாளி. மார்க்கெட்டுக்கு எதிரே இணையச் சேவை மையம் வைத்திருக்கிறாள். மிளகு டப்பா யார் என்று தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

"சுஜி, நான் கெட்டேன்டி. அவரைக் குழம்பு லிங்க் அனுப்புனேன். மிளகு டப்பா பேரு மேல வந்துருச்சு."



"வாலை வெட்டலையா?"

"மறந்துட்டேன்."

"அடிப்பாவி! எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன்? லிங்க்ல கேள்விக்குறி வந்தா அதோட நிறுத்து. அதுக்கப்புறம் வர்ற எழுத்தும் நம்பரும் வீடியோவுக்கு வேண்டியதே இல்ல. எந்தக் கணக்குல இருந்து போகுதுன்னு கம்பெனிக்காரன் போடற அடையாளம் அது. இரவல் குடுக்கற பாத்திரத்துக்கு அடியில பேர் வெட்டி வெச்சிருப்பமே, அந்த மாதிரி. திருப்பிப் பார்த்தா யாரு ஊட்டுதுன்னு தெரிஞ்சுரும்."

தெரியாதா இவளுக்கு? மாசக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். எந்த லிங்க்காக இருந்தாலும் முதலில் குறிப்பேட்டில் ஒட்டி, கேள்விக்குறியிலிருந்து அழித்து, அப்புறம்தான் அனுப்புவாள். தொழுகைக்கு ஒளு செய்வதுபோல அது கைப்பழக்கமாகியிருந்தது. இன்று ஒரே ஒரு நாள் மாமியார் அவசரப்படுத்தியதில் கை மறந்துவிட்டது.

"சரி விடு, அழுவாத" என்றாள் சுஜாதா. "நீ என்ன திருடவா செஞ்ச? மாமி நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க. உங்க ஊட்டுக்காரர் ஒரு சத்தம் போடுவாரு. அவ்வளவுதானே?"

"அவ்வளவு இல்ல சுஜி. பத்தொம்பதாவது பேச்சு இருக்குது."

சுஜாதாவுக்குப் புரியவில்லை. நமக்குப் புரியவேண்டும்.

போன பக்ரீத்துக்கு முந்தின நாள் நாஜ்னீன் இவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு சீட்டைக் கையில் திணித்தாள். "அக்கா, மெடிக்கல்ல இந்த மாத்திரை மட்டும் வாங்கித் தாங்க. எனக்குச் சின்ன வயசுல இருந்து வலிப்பு. ராத்திரி ஒரு மாத்திரை போட்டா ஒண்ணும் வராது, நாலு வருஷமா வரல. நிக்காஹ் பேசறப்போ எங்க அத்தா சொல்ல விடலீங்க. இவருகிட்ட நானே சொல்லணும், தைரியம் வரமாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"அல்லா மேல சத்தியமா சொல்லமாட்டேன்" என்றாள் அல்ஃபியா. மனதாரத்தான் சொன்னாள். மாத்திரையையும் வாங்கிக் கொடுத்தாள்.

அப்புறம் ஒரு மழை நாள். பேச விஷயமே சிக்கவில்லை. இரண்டு வாரமாகக் கேட்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அவள் ஆரம்பித்தாள்: "எனக்கறிஞ்ச ஒரு வீட்டில சின்ன மருமகள் ஒருத்தி..."

பேரைச் சொல்லவில்லை. ஊரைச் சொல்லவில்லை. நாஜ்னீன் மாத்திரையை ஒளித்து வைப்பது தையல் மிஷின் டிராயரில். இவள் அதை அரிசி டப்பா என்று மாற்றினாள். "சர்க்கரைக்கு மாத்திரை போட்டா சபையில சொல்லுவோம், வலிப்புக்குப் போட்டா அரிசிக்குள்ள ஒளிப்போமா? அவள் என்ன குற்றம் செய்தாள்? கேட்டோ?" என்று முடித்தாள். நல்ல பேச்சுதான். நியாயமான கேள்விதான். இவளுடைய பேச்சுகளிலேயே அதிகம் பேர் கேட்டது அதுதான்.

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் தன்னையே சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். இப்போது தகரத்துக்குக் கீழே நின்று யோசித்தால், நல்லெண்ணம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி, கேட்பவர்கள் எண்ணிக்கை ஏறவேண்டும் என்ற ஆசை. அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

பேசுவது யார் என்று தெரியாதவரை அது எந்த வீட்டுச் சின்ன மருமகளாகவும் இருக்கலாம். பேசுவது அல்ஃபியா என்று தெரிந்துவிட்டால்? இந்த வீட்டில் மருமகள்கள் இரண்டே பேர். அறுபதாயிரம் பேர் கேட்டபோது வராத பயம், நாற்பத்தாறு பேருக்குத் தெரிந்ததும் வந்தது.

"லிங்க்குல வாலை வெட்டக் கத்துக்கிட்டேன் சுஜி. கதையில பேரை மட்டும் வெட்டிப்போட்டு வாலை அப்படியே விட்டுட்டேன்" என்று எல்லாவற்றையும் கொட்டி அழுதாள்.

"முதல்ல அந்தப் பேச்சைத் தூக்கு. அப்புறம் கணக்கையே மூடு. அதுக்கும் முன்னாடி..." சுஜாதா தயங்கினாள். "நாஜ்னீன்கிட்டப் போய்ச் சொல்லு. வேற யாராவது சொல்லித் தெரியறதுக்குள்ள."

பத்தொன்பதாவது பேச்சை அழித்தாள். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று போன் கேட்டது. நிச்சயமாகத்தான். அதற்குள் ஜாகீரிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள். மிளகு கொள்முதலுக்குக் கூடலூர் போனவன். அவனிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கீழே ஹாலில் நாஜ்னீன் ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். காதில் இயர்போன். வேலை நேரத்தில் குரூப்பைப் பார்க்க மாட்டாள், நல்லவேளை. மிஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பாக்கற?"

"ஒண்ணுமில்லக்கா. மிளகு டப்பான்னு ஒருத்தங்க பேசுவாங்க, கேட்டிருக்கீங்களா? அதுல நான் அடிக்கடி கேக்கற பேச்சு ஒண்ணு. பாதி ஓடிட்டு இருக்கறப்பவே காணாமப் போயிருச்சு."

அல்ஃபியா பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எந்தப் பேச்சு?"

நாஜ்னீன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கினாள். "அதுல ஒரு பொண்ணு வர்றாக்கா. அவளுக்கும் என்னையாட்டவே வலிப்பு. மாத்திரையை அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெக்கறா. மொதமொத கேட்டப்போ அப்படி அழுதேன். எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனைச்சிட்டு இருந்தனா... எங்கயோ ஒரு ஊட்டுல இன்னொருத்தியும் இதே பயத்தோட இருக்கறா. அதைக் கேட்டதுல இருந்து மனசு லேசாப்போச்சு. அவ ஊட்டுக்காரர்கிட்ட அவ சொல்லிட்டான்னு வெச்சுக்கங்க, நானும் சொல்லிருவேன்னு தோணும். ஒவ்வொரு தொழுகையிலயும் அவளுக்கு துஆ செய்யறேன்க்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பைத்தியம்னு நெனைக்காதீங்க. கமெண்ட் கூடப் போட்டேன், வேற பேருல. அவங்க இதயம் போட்டாங்க."

ஆமாம், போட்டாள். 'உங்களால் அன்று தூங்கினேன் அக்கா' என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அன்று முழுக்க இந்த வீட்டுக்குள் தலைகால் புரியாமல் நடந்தாள் அல்ஃபியா. எழுதியவள் பத்தடி தூரத்தில் சட்டை தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நாஜ்னீன்..." என்றாள் அல்ஃபியா. "அந்தக் குரல் நான்தாம்மா."

"சும்மா இருங்கக்கா."

"சத்தியமா. நான்தான்." அப்புறம், வேறு வழி தெரியாமல், தன் ஓவேலிக் குரலில் அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். "கேட்டோ?"

நாஜ்னீனின் சிரிப்பு நின்றது. காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். அல்ஃபியாவின் வாயையே பார்த்தாள்.

"அப்போ அந்தப் பொண்ணு?"

அல்ஃபியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த இன்னொருத்தி... அவ இல்லவே இல்லையாக்கா?"

"இல்லம்மா."

நாஜ்னீன் அழுவாள், கத்துவாள் என்று அல்ஃபியா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலாம். அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எனக்காக நானே துஆ செஞ்சிட்டு இருந்திருக்கறேன்" என்றாள்.

"மன்னிச்சுரு நாஜ்னீன். உன் பேரு சொல்லல, ஊரு சொல்லல..."

"இவருகிட்டச் சொல்றதா வேண்டாமான்னு மூணு வருசமா தினமும் மனசுக்குள்ள பேசிப் பாத்திருக்கறேன்க்கா. எந்த நாளு, எந்த வார்த்தைன்னு. திட்டுனாலும் பரவால்ல, என் வாயால சொல்லணும்னு இருந்தேன். எனக்குன்னு இந்த ஊட்டுல அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

 சத்தியம் செய்த வாயாலேயே ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள். சொல்ல இன்னும் ஒன்று பாக்கி. லிங்க் விஷயத்தையும் குரூப் விஷயத்தையும் அவசரமாகச் சொன்னாள். "யாராவது கேட்டா முழுக்க முழுக்கக் கற்பனைன்னு சொல்லிடறேன். நான் கட்டுன கதைன்னு அடிச்சுச் சொல்றேன். உன்னைத் தொடவே விடமாட்டேன்."



வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

மத்தியானம் ஒரு மணிக்கு முன்னால் தவ்பீக் கடையை விட்டு அசைந்ததாகச் சரித்திரமே கிடையாது. இப்போது மணி பதினொன்றேகால். நனைந்த ஸ்வெட்டரோடு உள்ளே வந்தான். ஹாலில் இருந்த இரண்டு பேரையும் அவன் பார்க்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குப் போனான்.

எவர்சில்வர் மூடி தரையில் உருளும் சத்தம் கேட்டு அல்ஃபியா ஓடினாள்.

அரிசி டப்பாவுக்கு முன்னால் மண்டி போட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் தவ்பீக். அரிசி வழிந்து தரையெல்லாம் சிதறியது. ஆரிஃபா கரண்டியும் கையுமாகத் திரும்பினாள்.

"டேய்! கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? கைகூடக் கழுவாம என்னடா தேடற?"

"ஒண்ணுமில்லம்மா."

இன்னும் ஆழமாகத் துழாவினான். டப்பாவைச் சாய்த்தான். அடிவரை பார்த்தான். அரிசி, அரிசியைத் தவிர ஒன்றுமில்லை. ஈரச் சட்டைக் கையில் அரிசி ஒட்டியிருக்க, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

"ஒண்ணுமே இல்ல" என்றான். அல்ஃபியாவைப் பார்த்தான். "சித்தி பொண்ணு அப்பவே அந்தப் பேச்சை எனக்கு அனுப்பினா அண்ணி. கடையில நின்னு முழுசாக் கேட்டேன். பேசறது நீங்கன்னா, அந்தச் சின்ன மருமக யாருன்னு... உசுரே போயிருச்சு."

"கதைதான் தம்பி." அல்ஃபியாவின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. "சும்மா கட்டுனது."

"நோவுன்னா பாத்துக்கலாம் அண்ணி. அதுக்கில்ல. மூணு வருசமா பக்கத்துல இருந்துட்டு என்கிட்ட மறைச்சிருப்பாளோன்னுதான்..." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "விடுங்க. அப்படியெல்லாம் இல்ல."

அல்ஃபியா மூச்சை விட்டாள். தப்பித்தாயிற்று. கதையில் அவள் மாற்றியது ஒரே ஒரு விஷயம், அது வந்து காப்பாற்றிவிட்டது. இன்று இரவு மாமியார் திட்டுவாள், ஜாகீர் கத்துவான்; வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். குனிந்து அரிசியை அள்ள ஆரம்பித்தாள்.

"அங்க இல்லீங்க."

சமையலறை வாசற்படியில் நாஜ்னீன் நின்றாள். 

"மாத்திரை அரிசிக்குள்ள இல்லீங்க. மிஷின் டிராயர்ல இருக்குது. வாங்க, காட்டறேன்."

கரண்டி ஆரிஃபாவின் கையிலிருந்து மேடைமேல் விழுந்தது. தவ்பீக் மனைவியைப் பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நாஜ்னீன் முன்னால் போய்விட்டாள். ஹாலில் டிராயர் இழுக்கும் சத்தம் கேட்டது.

மேடையில் அல்ஃபியாவின் போன் அதிர்ந்தது. ஜாகீர். அவள் எடுக்கவில்லை.

தவ்பீக் வாசற்படி வரைக்கும் போனவன், திரும்பினான். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"எனக்கு முன்னாடி இதை எத்தனை பேரு கேட்டாங்க அண்ணி?"

அல்ஃபியாவுக்கு அந்த எண் மனப்பாடம். காலையில் கண் விழித்ததும் முதலில் பார்ப்பதே அதைத்தான். அறுபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினெட்டு.

கையில் அள்ளிய அரிசியோடு அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அத்தனை பேரிடம் பேசியவளுக்குக் குரல் வரவில்லை.